ஆவடியில் ஒரு படத்திறப்பு

அறுபதுகளின் பிற்பாதியில் பூந்தமல்லிச் சுற்றுவட்டாரத்தில் செத்துப்போன ஆண்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே கோட்டில்தான் சுவரில் தொங்கினார்கள். அந்தக் கோட்டு என்னுடையது. துணியில் தைத்ததல்ல, தூரிகையால் வரைந்தது.

குமணன்சாவடியில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவே கறுப்புத் துணி கட்டிய ஓர் இருட்டு அறை. உயிரோடு இருப்பவர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டதைவிட, செத்தவர்களுக்குப் படம் பண்ணச் சொல்லி வந்தவர்கள்தான் அதிகம். ஆள் நடமாடிக்கொண்டிருக்கும்போது ஒரு படம் எடுத்து வைப்போம் என்று யாருக்கும் தோன்றாது. போன பிறகு, எவர் கல்யாணத்திலோ எடுத்த கும்பல் படத்தைக் கொண்டுவந்து, மூன்றாவது வரிசையில் கடுகு போலத் தெரியும் முகத்தின்மேல் விரலை வைத்து, "இத்த பெருசு பண்ணிக் குடு" என்பார்கள். நான் அந்தக் கடுகைப் பெரிதாக்கி, பக்கத்தில் இருப்பவர்களின் தோளையெல்லாம் அழித்து, கழுத்துக்குக் கீழே ஒரு கோட்டும் டையும் வரைந்துவிடுவேன். வெறும் உடம்போடு நின்றவனுக்கும் அதே கோட்டு, கிழிந்த பனியனில் நின்றவனுக்கும் அதே கோட்டு. வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை.

இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். எனக்கோ அது மருந்துக்கும் கிடையாது. ஓர் இடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் உடம்பெல்லாம் எறும்பு ஊரும். ஒரு புருவத்தை வரைந்துவிட்டுத் தெருமுனை வரை நடந்து வருவேன். இன்னொரு புருவத்தை வரைந்துவிட்டு டீ குடிக்கப் போவேன். "குந்தின எடத்துல குந்த மாட்டியாயா நீ? காலுல சக்கரம் கட்டினு பொறந்தியா?" என்று என் மனைவி தினமும் கேட்பாள். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு நடந்ததற்குப் பாதிக் காரணம் என் கால்கள்தான்.

பருத்திப்பட்டிலிருந்து ஓர் அக்கா வந்தார். நாற்பது வயது இருக்கும். உள்ளங்கை இரண்டும் செங்கல் தேய்த்துத் தேய்த்து வழுவழுவென்றிருந்தன. அம்பத்தூர்ப் பக்கம் தொழிற்சாலைக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவரும் அவர் தம்பியும் அங்கேதான் சித்தாள் வேலை செய்தார்கள். தாய் தகப்பன் இல்லை. தம்பியைத் தூக்கி வளர்த்தது இந்த அக்காதான். தம்பிக்குக் கல்யாணமும் ஆகவில்லை. மஞ்சள்காமாலை வந்து ஒன்பது நாளில் போய்விட்டான்.

அக்கா கொண்டுவந்ததும் ஒரு கல்யாணக் கும்பல் படம்தான். பந்தக்காலுக்குப் பக்கத்தில் தம்பி நின்றான். முன்னால் நின்ற ஓர் ஆளின் தலைப்பாகை அவனுடைய ஒரு கண்ணையும் பாதிக் காதையும் மறைத்துவிட்டிருந்தது. அது ஒன்றுதான் படம். வேறு இல்லை.

"பெருசா ஓணும் நைனா. உன்னாண்ட இருக்கறதுலயே பெருசு எதுவோ அதுல போடு" என்றார்.

"எதுக்கு யக்கா அம்மாம் பெருசு?"

"அவன் குள்ளன். வேலையில அல்லாரும் பொடியன், பொடியன்னுதான் கூப்புடுவானுங்க. அவன் பேரு இன்னான்னு மேஸ்திரிக்கே தெரியாது. செத்தப்புறமாச்சும் அவன அண்ணாந்து பாக்கட்டும்."

இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. காய்கறிக் கடையில் நின்று பேசுவது போலப் பேசினார். எனக்கு என்னவோ போலிருந்தது. அழுகிறவர்களைச் சமாளித்து எனக்குப் பழக்கம். அழாதவர்களை என்ன செய்வதென்று தெரியாது.

அந்த நாளில் படத்தாள் கிடைப்பது குதிரைக்கொம்பு. எல்லாம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். மவுண்ட் ரோடு கடைகளில் போய்க் கெஞ்சினால் சின்னத் தாளாக நாலு கிடைக்கும். பெரிய தாள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைக் கறுப்பு உறையில் போட்டு, துணிப்பெட்டிக்கு அடியில், மனைவியின் கூறைப்புடவைக்குக் கீழே வைத்திருந்தேன். ஏதாவது பெரிய இடத்து வேலை வரும் என்று எண்ணி வைத்திருந்த தாள். அன்றைக்கு என்ன தோன்றியதோ, அதை எடுத்துப் பொடியனுக்குப் போட்டேன். மறைந்திருந்த கண்ணை, தெரிந்த கண்ணைப் பார்த்து வரைந்தேன். காதை அக்காவின் காதைப் பார்த்து வரைந்தேன். என் கோட்டையும் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, ஆள் ஜம்மென்று வந்தான். கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி வைத்தேன். நாளை மறுநாள் காலை கருமாதி. முந்தின நாள் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாக அக்கா சொல்லியிருந்தார்.

அதே சமயத்தில்தான் எங்கோ ஒரு தூர தேசத்துத் தலைவர் காலமானார். எந்த நாடு, என்ன பெயர் என்று நான் எழுதப்போவதில்லை. அன்றைக்கு மேடையில் இருந்தவர்களுக்கே அது சரியாகத் தெரிந்திருக்கவில்லை. ரேடியோவில் சோக வாத்தியம் போட்டார்கள். ஆபீஸ்களில் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. தில்லியிலிருந்து இரங்கல், மெட்ராசிலிருந்து இரங்கல் என்று செய்தித்தாள் முழுக்க இரங்கல். தில்லியும் மெட்ராசும் அழும்போது ஆவடி சும்மா இருக்குமா? அனைத்துக் கட்சி இரங்கல் கூட்டம், அதில் படத்திறப்பு என்று முடிவாகிவிட்டது.

படத்திறப்பு என்றால், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், செத்தவரின் படத்தை மேடையில் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். பேச வந்தவர்களில் பெரியவர் எவரோ அவர் வந்து துணியை இழுப்பார். முகம் தெரிந்ததும் மாலை விழும். அதற்கப்புறம் ஒரு நிமிஷ மௌனம். நம் ஊரில் பெரிய மனுஷன் செத்தால் இது இல்லாமல் கணக்குத் தீராது.

கூட்டத்துக்கு ஏற்பாடு செய்த கட்சிச் செயலாளர் முந்தின நாள் இருட்டும் நேரத்தில் என் கடைக்கு வந்தார். தோளில் நீளத் துண்டு, கையில் ஒரு செய்தித்தாள் துணுக்கு. "நாளைக்கி சாயங்காலம் கூட்டம். எங்க கட்சித் தலைவரு வந்து தொறக்கறாரு. பெருசா ஓணும்" என்றார்.

"பெரிய தாள் இல்லைங்க" என்றேன்.

"இன்னாபா, ஒலகமே அழுவுது, நீ தாள் இல்லன்ற?"

"உலகம் அழுதா தாள் வந்துடுமா? சின்னதுதான் இருக்கு. வேணும்னா போட்டுத் தரேன்."

முறைத்தார். வேறு வழியில்லாமல், "எப்டியோ பெருசா தெரியறாப்புல பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். துணுக்கில் அந்தத் தூர தேசத்துத் தலைவர் ஒரு சாதாரணச் சட்டையில், பொத்தான் கூடச் சரியாகப் போடாமல், யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல முகம். அவருக்குக் கோட்டுப் போட எனக்குக் கை வரவில்லை. உள்ளதை உள்ளபடி, ஒரு நோட்டுப் புத்தகம் அளவுத் தாளில் போட்டுச் சட்டம் அடித்து, அதையும் செய்தித்தாளில் சுற்றிப் பெரிய பொட்டலத்தின் பக்கத்தில் சாய்த்து வைத்தேன்.

மறுநாள் மாங்காட்டுக் கோயிலில் எனக்கு ஒரு கல்யாண வேலை. விடியும்போதே கிளம்பினேன். கிளம்பும் அவசரத்தில் மனைவியிடம், "கட்சிக்காரங்க வந்தா அவங்க படத்தைக் குடுத்துடு, பெருசா கேட்டவங்க" என்று மட்டும் சொன்னேன். எது யாருடையது என்று மேலே எழுதி ஒட்டியிருக்கலாம். ஒரு பென்சில் கோடு போதும். நின்று அதைச் செய்ய என் கால் விடவில்லை.

பிற்பகல் நாலு மணிக்குத் திரும்பி வந்தேன். சுவரோரம் சின்னப் பொட்டலம்தான் இருந்தது.

"பெருசு எங்கடி?"

"கட்சிக்காரங்க எடுத்துகினு பூட்டாங்க."

"ஐயையோ! அது அவங்களுது இல்லடி!"

"இன்னாயா கத்தற? பெருசா கேட்டவங்கன்னு நீதான சொன்ன? அந்தாளு ஒரு நாட்டுக்கே ராஜாவாம். அவருக்குச் சின்னப் படமும் சித்தாளுக்குப் பெரிய படமுமா போடுவாங்க? எந்த ஊருல அப்டி கீது?"

அவள் சொன்னது நியாயம்தான். எந்த ஊரிலும் அப்படி இல்லை. தலையில் அடித்துக்கொண்டு, சின்னப் பொட்டலத்தைத் துணிப்பையில் போட்டு ஹாண்டில்பாரில் மாட்டி, சைக்கிளை எடுத்தேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவள் வாசல் வரை ஓடிவந்து கத்தியது காதில் விழுந்தும் நிற்கவில்லை.

பூந்தமல்லியைத் தாண்டி ஆவடிச் சாலையில் திரும்பி மிதித்தேன், மிதித்தேன், அப்படி மிதித்தேன். மனத்தில் ஓடியதெல்லாம் ஒன்றுதான். மேடையில் துணியை இழுத்ததும் கட்சித் தலைவர் பார்ப்பார், எவனோ ஒரு சித்தாள். அனைத்துக் கட்சி முன்னால் மானம் போகும். அந்தக் கோபத்தில் படத்தைத் தூக்கி எறிவார்கள், கண்ணாடி உடையும், தாள் கிழியும். மறுபடி போட என்னிடம் தாள் இல்லை. விடிந்தால் கருமாதி.

பருத்திப்பட்டு ஏரிக்கரையை நெருங்கும்போது, பஸ்ஸுக்காக அக்கா நின்றுகொண்டிருந்தார். என் கடைக்குத்தான் கிளம்பியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டினார். பார்க்காதது போலப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். உண்மையைத்தான் சொல்கிறேன், நினைத்தேன். ஆனால் பிரேக்கைப் பிடித்துவிட்டேன்.

"இன்னா நைனா, நீயே எடுத்தாந்துட்டியா?" என்று பையைப் பார்த்தார்.

"இல்ல யக்கா. ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். தூர தேசத்துத் தலைவர், செயலாளர், என் மனைவி, பெரிய பொட்டலம், எல்லாம்.

அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்போ எந் தம்பி இப்போ ஆவடில, மேடை மேல கீறானா?" என்று கேட்டார்.

"ஆமா. துணி போட்டு மூடி வெச்சிருப்பாங்க. தொறக்கறதுக்குள்ள மாத்தணும்."

"மிதி" என்று சொல்லிப் பின்னால் கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை மணி. நல்லவேளை, எந்தக் கூட்டமும் சொன்ன நேரத்துக்குத் தொடங்குவதில்லை. முதல் ஆள்தான் பேசிக்கொண்டிருந்தார். மேடையில் ஏழெட்டு நாற்காலிகள், சட்டையில் கறுப்பு பேட்ஜ் குத்தியவர்கள், ஓரத்தில் ஒரு மேஜை, மேஜைமேல் பச்சைத் துணி மூடிய என் சட்டம். கீழே, தரையில் உட்கார்ந்தவர்களும் நின்றவர்களுமாக இருநூறு பேர் இருப்பார்கள். எங்களால் நடுவில்தான் நிற்க முடிந்தது. நான் இந்தக் காலிலும் அந்தக் காலிலும் மாறி மாறி நின்றேன். மேடைக்குப் போகும் பக்கம் தொண்டர்கள் கயிறு கட்டி நின்றார்கள். "தோ, செயலாளரைப் பாக்கணும்" என்றால், "கம்னு நில்லுயா, பேசறாங்க இல்ல" என்று தள்ளினார்கள்.

முதலில் பேசியவர் மறைந்தவரின் பெயரை ஒரு மாதிரி சொன்னார். அடுத்தவர் அதை வேறு மாதிரி சொன்னார். மூன்றாவது ஆள் இந்த வம்பே வேண்டாம் என்று, அன்னார் என்று தொடங்கி அன்னார் என்றே முடித்தார். நடுவில் பழக்கதோஷத்தில் ஒரு தொண்டன் "வாழ்க!" என்று கத்த, கூட்டமும் "வாழ்க!" என்றது. செயலாளர் ஓடிவந்து மைக்கில், "புகழ் வாழ்கன்னு சொல்லணும், புகழ்" என்று திருத்தினார்.

"அன்னார் ஏழைக் குடிசையில் பிறந்தார்" என்றார் மேடைக்காரர்.

"ஆமா" என்றார் அக்கா, என் காதருகே.

"கல்லையும் மண்ணையும் தன் தலையில் சுமந்து ஒரு நாட்டையே கட்டி எழுப்பினார்."

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தெரிஞ்சுதான் பேசறானா நைனா?"

"இல்ல யக்கா. அவங்க எல்லாருக்கும் இதையேதான் பேசுவாங்க."

"ஆனால் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டாரா? இல்லை!"

"அத்தினி ஊடு கட்டினான்" என்று அக்கா மெல்லச் சொன்னார். "மழ பேஞ்சா நாங்க ஒழுவாத மூலை தேடுவோம்."

ஒருவழியாகச் செயலாளர் தண்ணீர் வாங்கக் கீழே இறங்கினார். நான் கயிற்றைத் தூக்கி, அடியில் நுழைந்து பாய்ந்தேன். அக்காவும் கூடவே வந்தார். செயலாளரின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. மேடைக்குப் போய்த் துணியின் நுனியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"யோவ், இன்னாயா பண்ணி வெச்சிகீற? எவன்யா அது?"

"எந் தம்பி" என்றார் அக்கா.

செயலாளர் மேடையைத் திரும்பிப் பார்த்தார். "சரி, சரி. படத்த ஜல்தி குடு. இந்தாளு பேசி முடிக்கறதுக்குள்ள பின்னாடியா போய் மாத்திடறேன்."

நான் பையில் கையை விட்டேன். அந்தக் கையை அக்கா பிடித்துக்கொண்டார். செங்கல் பிடித்த பிடி, அசைக்க முடியவில்லை.

"உடு நைனா. தொறக்கட்டும்."

"யக்கா, இன்னா பேசற? கோவத்துல ஒடச்சிட்டாங்கன்னா? என்னாண்ட வேற தாள் இல்ல. நாளைக்குக் கருமாதி."

"தெரியும்."

"அவன் மூஞ்சி அது ஒண்ணுதான் யக்கா இருக்கு!"

"தெரியும் நைனா. எங்க ஊட்டாண்ட நாளைக்கி பத்து பேரு வந்தா சாஸ்தி. மால நான் ஒருத்திதான் போடுவேன். இங்க பாரு, எத்தினி மால வாங்கி வெச்சிகீறாங்க. ஒரே ஒரு மால அவன் மேல உழட்டும். அப்புறம் ஒடச்சா ஒடைக்கட்டும்."

செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏய், கைய எடும்மா" என்று பையை இழுத்தார். அதற்குள் மைக்கில் குரல் வந்துவிட்டது: "அடுத்து, தலைவர் அவர்கள் படத்தைத் திறந்து வைப்பார்கள்!" செயலாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்னை எரிக்கும் சக்தி இருந்தால் நான் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். மேடைக்கு ஓடினார்.

தலைவர் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு வந்தார். பச்சைத் துணியை இழுத்தார். அது சட்டத்தில் நான் அடித்த ஆணியில் மாட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தார். சட்டம் ஆடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் ஏதும் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். பொடியன் கோட்டும் டையுமாக இருநூறு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தான். தலைவர் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா என்று இந்த வயதிலும் எனக்குத் தெரியாது. தெரிந்து சமாளித்திருந்தால் கெட்டிக்காரர். தெரியாமலே பேசியிருந்தால் அவரைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. மைக் பக்கம் திரும்பி, கையை நீட்டி, "பாருங்கள் இந்த முகத்தை!" என்றார். "இந்தக் கண்களில் என்ன ஒளி! இந்தப் பெயரை அறியாதவர் உலகில் உண்டா?"

அந்த இரண்டு கண்களில் ஒன்று நான் வரைந்தது. அக்கா சிரித்தார். முதல்முறையாக அவர் பல்லைப் பார்த்தேன்.

மாலை விழுந்தது. ஒன்றல்ல, தலைவர் ஒன்று போட்டதும் ஒவ்வொரு கட்சியும் ஒன்று போட்டது. கறுப்பு பேட்ஜ் குத்தியவர்கள் வரிசையாக வந்து, குனிந்து, பூத் தூவி, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்குப் பின்னால், வேலை முடிந்து சைக்கிளோடு நின்ற ஒருவன், "டேய், நம்ம பொடியன்டா அது!" என்றான். அக்கா திரும்பிப் பார்த்தார். அவன் அக்காவைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"மறைந்த மாமனிதருக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி" என்று மைக் சொன்னது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் அந்த நேரத்திலும் செயலாளரையும் சட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் கண்ணைத் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார், உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். அம்பத்தூரில் இன்னொரு மேடையில் இதே மறைந்தவருக்கு இன்னொரு படத்திறப்பு இருந்ததாம். கார்க் கதவுகள் அடித்துக்கொண்டன. ஐந்து நிமிஷத்தில் மேடை காலி.

செயலாளர் மாலைகளோடு சேர்த்துச் சட்டத்தைத் தூக்கிவந்து என் கையில் திணித்தார். "எவனாச்சும் கேக்கறதுக்குள்ள எடுத்துகினு ஓடு."

"அப்ப இந்தப் படம்?" என்று பையைக் காட்டினேன்.

"அத்த வெச்சி இப்போ நான் இன்னா பண்றது? நீயே வெச்சிக்கோ" என்றார்.

அக்கா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தார். பூவாசனை முதுகுப்பக்கம் வந்துகொண்டே இருந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியின் திட்டோடு சோற்றைச் சாப்பிட்டுக் காலை நீட்டினால் போதும் என்று மிதித்தேன். ஏரிக்கரைக்கு வந்ததும், "நிறுத்து நைனா" என்றார் அக்கா.

"ஊடு இன்னும் வரலியே?"

"ஒரு நிமிசத்துக்கு எத்தினி எண்ணணும்?"

எனக்குப் புரியவில்லை. "அறுபது" என்றேன்.

"நான் எண்ணிகினுதான் இருந்தேன். செங்கல் எண்ணி எண்ணிப் பழக்கம், தப்பாவாது. இருவத்திமூணுல உக்காந்துட்டானுங்க. மீதி எத்தினி?"

"முப்பத்தேழு."

"நின்னுட்டுப் போலாம்" என்றார்.

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். சீட்டின்மேல் பொடியனைச் சாய்த்து வைத்து, மாலைகளைச் சரி செய்தார். பிறகு என் பையைப் பார்த்தார். "அந்தாளையும் வெளிய எடு. அவருக்குந்தான கொறச்சிட்டானுங்க."

பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். பொத்தான் போடாத சட்டையில் அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவருக்கு அக்கா கீறாளா?"

"தெரியல யக்கா."

"இருப்பா" என்று சொல்லி, மாலையிலிருந்து ஒரு சம்பங்கியைப் பிய்த்து அந்தச் சட்டத்தின் மேல் வைத்து, தம்பியின் பக்கத்தில் சாய்த்தார்.

நின்றோம். அக்கா வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். இருபத்துநாலு, இருபத்தைந்து. ஏரியில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அதன் இரைச்சலில் எண் தப்பிவிடக் கூடாது என்று அது போகும்வரை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். என் கால்கள் அன்றைக்கு அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அசையாமல் இருந்தன. ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு என்றார். ஐம்பத்தெட்டு என்றார். அதற்குமேல் எண் வரவில்லை. பதினைந்து நாளாக அழாமல் இருந்தவர் கரைமேல் அப்படியே உட்கார்ந்து, முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு, தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். மேஸ்திரிக்குத் தெரியாத அந்தப் பெயரை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஐம்பத்தொன்பது, அறுபது என்று மீதி இரண்டையும் நான்தான் எண்ணினேன்.